பீட்டர் வியர் எடுத்துப் போட்டவை

ஓர் இயக்குநரின் பாணியை அறிய, அவர் படத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பதுதான் நம் வழக்கம். ஆஸ்திரேலிய இயக்குநர் பீட்டர் வியரிடம் அந்த வழக்கம் செல்லாது. 1974 முதல் 2010 வரை 13 திரைப்படங்கள். காணாமல்போகும் பள்ளி மாணவிகள், முதல் உலகப்போர், ஆமிஷ் கிராமம், தொலைக்காட்சித் தொடருக்குள் அடைபட்ட மனிதன், நெப்போலியன் காலத்துப் போர்க்கப்பல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கதைகள். ஹாலிவுட்டுக்குப் போன பிறகு, திரைக்கதைகளும் பெரும்பாலும் பிறர் எழுதியவை. அதனால் அவரை நல்ல தொழில்காரர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கைக்கு வந்த கதையிலிருந்து அவர் எதை எடுத்துப் போட்டார் என்று பாருங்கள். இத்தனை படங்களிலும் ஒரே கை வேலை செய்திருப்பது தெரியும்.

'விட்னஸ்' (1985) படத்தின் முடிவை எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியா போலீஸ்காரர் ஜான் புக்கும் வெளியுலகத்திலிருந்து ஒதுங்கி வாழும் ஆமிஷ் மதக் குழுவைச் சேர்ந்த விதவை ரேச்சலும் பிரிகிறார்கள். இருவரும் மனசைத் திறந்து பேசுவதற்குத் திரைக்கதையில் வசனம் இருந்தது. வியர் அதை நீக்கிவிட்டார். படத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். புக்கின் கார் ஊரைவிட்டுப் போகும்போது எதிரே டேனியல் நடந்து வருகிறான், ரேச்சலை மணக்க விரும்பும் அதே ஊர்க்காரன். இனி என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மௌனம் திடீரென்று வந்ததும் இல்லை. ஊரே கூடித் தானியக் கொட்டகை கட்டும் காட்சியிலும் பேச்சு மிகக் குறைவு. மரச்சட்டங்கள் நிமிர்கின்றன, சுத்தியல்கள் இறங்குகின்றன, ரேச்சல் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுக்கிறாள், ஊர்க் கண்கள் அதைக் கவனிக்கின்றன. புக் அங்கே நிலைக்க முடியாதென்பது அப்போதே தீர்மானமாகிவிடுகிறது. பிரிவின்போது அதையே வாயால் சொன்னால் கூறியது கூறலாகும்.

'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989) இன்னும் வலுவான சான்று. டாம் ஷுல்மன் எழுதியபடி ஆசிரியர் கீட்டிங்குக்குப் புற்றுநோய், சாகப்போகிறவர். வியர் அந்த நோயையே எடுத்துவிட்டார். கடைசியில் மாணவர்கள் மேசைமேல் ஏறி நிற்பது சாகப்போகிற மனிதர்மீதான பச்சாதாபமாகிவிடக் கூடாது, அவர் கற்பித்ததில் அவர்களுக்கு உள்ள நம்பிக்கையாக நிற்க வேண்டும். ஒரு நோயை நீக்கியதால் படத்தின் பொருளே மாறிவிட்டது. மிகையுணர்ச்சிப் படம் என்று இதைக் குறைசொல்பவர்கள் எது தவிர்க்கப்பட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1975) படத்தைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி தொகுத்தபோதும் சில நிமிடங்களைக் குறைத்தார். இயக்குநரின் பதிப்பு என்றாலே நீளும் என்பதுதானே திரையுலக வழக்கம்!

சொல்லாமல் விடுவது சில சமயம் மறைப்பதாகவும் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். மாணவிகள் காணாமல்போகும் அந்த ஹேங்கிங் ராக் பாறை பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். படத்தில் அவர்கள் தடம் மிகக் குறைவு. இரண்டு ஆண்டுகளில் பழங்குடி நடிகர் டேவிட் குல்பிலில் நடித்த 'தி லாஸ்ட் வேவ்' படத்தில் வியர் அந்த உலகத்தை நேராகவே எதிர்கொண்டார். ஆனாலும் முந்தைய படத்தின் குறை குறைதான். 'கலிப்பொலி' (1981) படத்திலும் அப்படியொரு சிக்கல். 1915 ஆகஸ்ட் 7 அன்று கலிப்பொலியின் நெக் போர்முனையில் வீரர்களை அலை அலையாகச் சாகவிட்டதில் ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்கே நேரடிப் பொறுப்பு உண்டு. படத்தில் கட்டளையிடும் கர்னலின் பேச்சைக் கேட்டுப் பலர் அவரை ஆங்கிலேயர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்திருக்கலாம். மனித மனசைப் பற்றி வியர் மௌனம் காக்கும்போது பார்வையாளர் தன் மனசால் அதை நிரப்பிக்கொள்கிறார். வரலாற்றில் விட்ட இடத்தைத் தப்பெண்ணமும் நிரப்பிவிடும். அவர் முறைக்கு எல்லை உண்டு என்பதற்கு இது சான்று. முறையே இல்லாத வெறும் தொழில்காரர் என்பதற்கு அல்ல.

'விட்னஸ்', 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' இரண்டுமே சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்றன. எழுதியவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் பரிசுக்குரியதாக நாம் திரையில் பார்த்தது வியர் குறைத்துக் கொடுத்த வடிவத்தை. ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை. 2022இல்தான் கௌரவ விருது கொடுத்தார்கள். அதற்குள் அவருடைய கடைசிப் படம் வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.