'தௌ' என்னும் சொல்

"ஆங்கிலத்தில் 'தௌ' என்பதுதானே மரியாதைச் சொல்? கடவுளை அவ்வாறுதானே அழைக்கிறார்கள்?" என்று மாணவர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். பழைய செபங்களில் மட்டுமே அச்சொல்லைக் கேட்டவர் வேறெவ்வாறு எண்ணுவார்? ஆயினும் உண்மை இதற்கு நேர்மாறானது.

'தௌ' என்பது ஒருமை முன்னிலை, நமது 'நீ'. 'யூ' பன்மைக்கு உரியது. உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையால் விளிக்கும் பிரெஞ்சு வழக்கம் ஆங்கிலத்திலும் படர்ந்தபின், 'தௌ' நெருங்கியோருக்கும் சிறியோருக்கும் இகழப்படுவோருக்கும் உரியதாயிற்று. 1603ஆம் ஆண்டு சேர் வோல்ற்றர் றாலி மீது நடந்த இராசத்துரோக வழக்கில், சட்டமா அதிபர் எட்வேட் கோக் அவரைத் 'தௌ' என விளித்தே அவமதித்தார். அந்நூற்றாண்டிலேயே குவேக்கர் சமயத்தினர், மாந்தர் யாவரும் சமம் என்று கருதிப் பெரியோரையும் 'தௌ' என்றழைத்துத் துன்புற்றனர்.

1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ஒருமை பன்மை வேறுபாட்டைப் பேணியது. அதில் ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் 'தௌ' ஒன்றே. பேச்சில் அச்சொல் மறைந்து செபத்தில் மட்டும் எஞ்சியபோதே அதற்குத் தெய்வீக மணம் ஏறிற்று.

இதனை அறியாது சேக்ஸ்பியரைப் படிப்போர் இழப்பது சிறிதன்று. 'ஹம்லெற்' நாடகத்தில் தாய் மகனைக் கடிந்துகொள்ளத் தொடங்கும்போது 'தௌ' என்கிறாள். மகனோ 'யூ' என்று விலகி நின்று விடையிறுக்கிறான். அடுத்த கூற்றில் தாயும் 'யூ' என்று மாறிவிடுகிறாள். இருவருக்குமிடையே கதவு அடைபட்டதை அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

இன்றைய ஆங்கில மாணவனுக்கு இதனை உரை எழுதியே விளக்கவேண்டும். நமக்கோ அது வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் உள்ளன. 'நீர்' என்று பேசிவந்த நண்பர் ஒருநாள் 'நீ' என்று இறங்கினாலும் 'நீங்கள்' என்று விலகினாலும் நம் நெஞ்சு துணுக்குறும்.

அத்துணுக்கமே 'தௌ'வின் பொருள். அகராதியில் 'நீ' என்று கண்டு அமையாது, யார் யாரை எந்நிலையில் அவ்வாறு விளிக்கின்றனர் என்று ஆசிரியர்கள் மாணவரைக் கேட்பார்களாக. மொழிபெயர்ப்பாளரும் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் நிரவிவிடாதிருப்பார்களாக. நம் வீட்டு முற்றத்தில் வழங்கும் மொழியே அவர்களுக்குக் கைவிளக்காகும்.