பந்துதானே என்று எண்ணலாமா?



நல்லுள்ளம் கொண்ட ஒருவர் எங்கள் பள்ளிக்கு மேசைக் காற்பந்து ஒன்றை நன்கொடையாக வழங்கினார். மூன்றே வாரங்களில் அதனோடு வந்த பந்துகள் காணாமற்போயின. அதன்பின் மேசையில் ஒரு பிங்போங் பந்து உருண்டது. அடுத்து எவர் வீட்டிலிருந்தோ ஒரு கோல்ஃப் பந்து வந்தது. "பந்துதானே சார், எதுவாக இருந்தால் என்ன?" என்றார் சக ஆசிரியர் ஒருவர். இந்த 'எதுவாக இருந்தால் என்ன' என்னும் மனப்போக்கையே நான் கண்டிக்கிறேன்.

மேசைக் காற்பந்துக்குரிய பந்து ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிங்போங் பந்தோ 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம்தான். அது பொம்மையின் காலடியில் நில்லாது. துள்ளி வெளியே பறக்கும். கோல்ஃப் பந்தின் எடை ஏறத்தாழ 45 கிராம். அது எங்கள் மேசையில் இரண்டு பொம்மைகளின் கால்களை உடைத்துவிட்டது.

சரி, கடையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் பந்தை வாங்கலாமே என்பீர்கள். வாங்கினோம். வழவழப்பான அந்தக் கடினப் பந்து பெருஞ்சத்தத்தோடு விரைந்தோடியது. அதை நிறுத்த இயலாத பிள்ளைகள் கம்பியைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கினர். பந்தை அடிக்கும் முன்னரோ பின்னரோ கம்பியை ஒரு முழுச்சுற்றுக்கு மேல் சுழற்றுவது போட்டி விதிகளின்படி தவறாகும். சுழற்றுவதில் திறமைக்கு இடமில்லை. கைவலிமை உள்ளவனுக்கே வெற்றி.

பிறகு, கார்க் எனப்படும் தக்கைப் பந்துகளை வரவழைத்தோம். பிரான்சு நாட்டில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளவை இவை. சத்தம் குறைவு, வேகமும் குறைவு, பொம்மையின் காலடியில் அடங்கி நிற்கும். அதுவரை பெரிய மாணவர்களால் ஓரந்தள்ளப்பட்ட இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பந்தை நிறுத்தினான்; சற்றே சிந்தித்தான்; பக்கத்துப் பொம்மைக்குத் தட்டிவிட்டு அடித்தான். கோல்! வகுப்பில் வாய் திறவாத அவன் அன்று கூவிய கூவல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

தக்கைப் பந்து விரைவில் தேயும், விலையும் சற்றுக் கூடுதல் என்பது உண்மையே. தேய்ந்தால் மாற்றுவோம். பொம்மைகளையும் மேசையையும் மாற்றுவதைவிட அது எளிதன்றோ?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பந்து வாங்குமுன் அதன் அளவையும் அது எதனால் ஆனது என்பதையும் கேளுங்கள். மேசையில் உருட்டிப் பாருங்கள். பொம்மையின் காலடியில் நிற்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பந்துகளை டப்பாவில் இட்டு, ஒரு மாணவனைப் பொறுப்பாக்குங்கள்.

'தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்று பிறர் கூறினால் நாம் கொதித்தெழுகிறோம். அதையே நாம் வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறோமே, இது முறையா?

சிந்திப்போம்!