உளவளத்துணை என்னும் திரைச்சீலை

திருகோணமலையிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு என்ன தேவை என்று கேட்டால் "உளவளத்துணை" என்ற பதில் இப்பொழுது ஆயத்தமாக இருக்கிறது. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதை முன்னே தொங்கவிட்டு, பின்னால் எதை மறைக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். நீதி கேட்ட குடும்பங்கள் அச்சுறுத்தப்பட்டன. சில நாட்டைவிட்டே வெளியேறின. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகளைத் துரத்திவிட்டுச் சாட்சியம் இல்லையென்பது எந்த ஊர் நியாயம்? இந்தப் பெற்றோரை உளவளத்துணையாளர் எதைச் சொல்லித் தேற்றுவார்? நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றா?

புகலிடம் தேடிப் போன நாடுகளின் கதையும் இதுதான். அவுஸ்திரேலியாவில் 196 தமிழர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றை ஸ்டீல், சிலோவ் முதலான உளநல ஆய்வாளர்கள் 1999 இல் வெளியிட்டனர். அவர்களின் மனவடு அறிகுறிகளில் காணப்பட்ட ஏற்றத்தாழ்வில் 20 வீதத்தைப் போர்க்கால அனுபவங்களும், 14 வீதத்தைக் குடிபெயர்ந்த பின்னர் பட்ட நெருக்கடிகளும் விளக்கின. ஷெல் அடித்தது இலங்கை. மிகுதியை அடித்தது குடிவரவு அலுவலகம்.

இது தெரிந்திருந்தும் அந்நாடு என்ன செய்தது? படகில் வந்தவர்களுக்குத் தற்காலிக வீசா கொடுத்து, மனைவி பிள்ளைகளை அழைக்கும் உரிமையை மறுத்தது. 2014 இல் ஜீலோங் நகரில் ஒரு தமிழ் இளைஞர், வீசா முடிவுக்குக் காத்திருந்த நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்த பெற்றோர் இறுதிச் சடங்குக்கு வர வீசா கேட்டனர், அதுவும் கிடைக்கவில்லை. 2023 பெப்ரவரியில்தான் தற்காலிக வீசாவிலிருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு கையால் கழுத்தை நெரித்துக்கொண்டு மறுகையால் மூச்சுப் பயிற்சித் துண்டுப்பிரசுரம் நீட்டுவதற்குப் பெயர் சிகிச்சையா?

நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. தேர்த் திருவிழாவுக்கும் ஒன்றுகூடலுக்கும் மண்டபம் பிடிக்கத் தயங்காத ஊர்ச் சங்கங்கள், தமிழில் பேசத் தெரிந்த உளவளத்துணையாளர் ஒருவரைப் பயிற்றுவிக்கக் காசு கேட்டால் "அது பைத்தியத்துக்கல்லவா" என்று முகம் திருப்புகின்றன. விளைவு, வைத்தியரிடம் தாய் சொல்வதைப் பன்னிரண்டு வயது மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறாள். மகள் கேட்கக்கூடாததை அந்தத் தாய் எப்படிச் சொல்வாள்? "நித்திரை வருவதில்லை" என்கிறாள். மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள்.