சுவரும் பெயரும்

கலைகளின் உறைவிடம் எனக் காஞ்சி மாநகரைப் போற்றாதார் இலர். ஆயினும், இந்நகரின் பழம்பெரும் ஓவியங்களைத் தீட்டியவர் யார் என ஒருவர் வினவுவாராயின், நாம் வாய்மூடி நிற்க வேண்டியவராகின்றோம். இக்குறையின் அளவை உணர்ந்துகொள்ளச் சீன நாட்டு ஓவியர் ஒருவரின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

வூ தாவ்சி என்பது அவர் பெயர். கி.பி. 680 அளவில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து வறுமையில் வளர்ந்தார். முதற்கண் எழுத்தழகுக் கலையைப் பயின்று, அதில் நிறைவு காணாது ஓவியத்தின்பால் திரும்பினார். அவர்தம் திறமையைக் கேள்வியுற்ற தாங் பேரரசர் சுவான்சோங் (712–756) அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். சாங்கான், லோயாங் ஆகிய இரு தலைநகரங்களின் கோயில்களிலும் ஏறத்தாழ 300 சுவர்களில் அவர் ஓவியம் தீட்டினார் என்பர். ஒருமுறை, படைத்தலைவர் ஒருவரை வாளேந்தி ஆடச் செய்து, அவ்வாட்டத்தின் வேகத்தை உள்வாங்கிக்கொண்டே சுவரில் தூரிகையை ஓட்டினார் என்று சீன ஏடுகள் கூறுகின்றன. தடித்தும் மெலிந்தும் செல்லும் அவர் கோடுகளால், ஓவிய மாந்தரின் ஆடைகள் காற்றில் அசைவன போலத் தோன்றினவாம்.

அச்சுவர்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. 845ஆம் ஆண்டில் பௌத்தக் கோயில்கள் பல அரசாணையால் இடிக்கப்பட்டபோது அவருடைய ஓவியங்களும் பெருமளவில் அழிந்தன. ஆனால், அடுத்த ஈராண்டிற்குள், 847இல், சாங் யென்யுவான் என்னும் அறிஞர் 300க்கும் மேற்பட்ட ஓவியர்களின் வரலாற்றைத் தொகுத்து எழுதி முடித்தார். சுவர் வீழ்ந்தும் பெயர் வீழாமல் நின்றது. வூ தாவ்சியை ‘ஓவிய ஞானி’ எனச் சீன மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

இனி, நம் ஊரை நோக்குவோம். அதே சுவான்சோங் பேரரசரின் அவைக்கு 720ஆம் ஆண்டில் காஞ்சியிலிருந்து தூதுக்குழு சென்றது. அதனை அனுப்பியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன். கயிலாசநாதர் கோயிலை எழுப்பியவனும் அவனே. எனவே, சீனத்தில் வூ தாவ்சி தூரிகை ஏந்திய அதே தலைமுறையில் காஞ்சியிலும் ஓவியர்கள் சுவர் தீட்டிக்கொண்டிருந்தனர். பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் மறைந்து கிடந்த அவர்தம் கைவண்ணத்தை 1931இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். திருச்சுற்றின் சிற்றாலயங்களில் சோமாஸ்கந்த ஓவியத்தின் எச்சங்களை இன்றும் காணலாம். அக்கோயிற் சுவர்களில் மன்னனின் விருதுப் பெயர்கள் 200க்கும் மேல் வெட்டப்பட்டுள்ளன. ஓவியனின் பெயரோ ஒன்றுகூட இல்லை. முன்னோனாகிய மகேந்திரவர்மனின் ‘சித்திரகாரப் புலி’ என்னும் விருது நின்றதும், அவன் மன்னனாயிருந்தமையால் அன்றோ? சீனத்தில் சுவர் போயிற்று, பெயர் நின்றது. காஞ்சியில் சுவர் ஓரளவு நின்றது, பெயர் போயிற்று.

தன் பெயரை விரும்பாது கடமையாற்றுவதே நம் நாட்டுக் கலைஞனின் மரபு எனச் சிலர் கூறலாம். அது முழுமையான விடை ஆகாது. பட்டடக்கல் விருபாட்சர் கோயிற் கல்வெட்டு, அதனைக் கட்டிய குண்டன் என்னும் சிற்பியைப் பெயர் சுட்டிச் சிறப்பிக்கின்றது. தாஜ்மகாலில் திருமறை வசனங்களை எழுதிய அமானத் கான் தம் பெயரையும் அங்கே பொறித்துள்ளார். மேலும், தன்னை மறைத்துக்கொள்வது கலைஞனின் அடக்கமாகலாம். அவனை மறந்துவிடுவது நமக்கு அடக்கமாகாது.

இது பழங்கதை மட்டுமன்று. காஞ்சிப் பட்டிற்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டத்தின் காவல் வந்தது. ஆனால், அச்சேலையின் மாங்காயையும் அன்னத்தையும் யாளியையும் கட்டத்தாளில் வரைந்தவர் யார்? அதற்கேற்ப அட்டை குத்தியவர் யார்? கோர்வை பிசகாமல் தறியில் அமர்ந்து நெய்தவர் யார்? சேலையை வாங்குவோர் கடையின் பெயரை அறிவர், இவர்களை அறியார். இன்றைய நெசவுத் தெருக்களில் முதுமை எய்திவரும் இக்கலைஞர்கள் மறைந்த பின்னர், இவர்களும் பல்லவ ஓவியனைப் போலவே பெயரற்றவர் ஆவர்.

சாங் யென்யுவான் செய்த பணியை நம் மாணவர்கள் செய்தல் கூடும். தமிழ் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு கலைஞரைத் தேடிச் சென்று, அவர் பெயர், அவருக்குத் தொழில் கற்பித்தவரின் பெயர், அவர் வரைந்த உருக்கள், அவர் வழங்கும் தொழிற்சொற்கள் ஆகியவற்றை அவர்தம் இசைவுடன் எழுதி வருவாராக. அவற்றைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்தில் வைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் சில மாலைப்பொழுதுகளும் போதும். சமுதாயப் பெரியோர்கள் அத்தொகுப்பை நூலாக்க முன்வருவார்களாயின், 1,300 ஆண்டுகளாக நாம் செய்யத் தவறியதை இத்தலைமுறையேனும் செய்து முடித்ததாகும்.