ஆம்ப்ளிஃபயரைத் திட்டாதீர்கள்!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்கு மைக் செட் போகிறது. ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, ஊருக்கு ஊர் கோயில் திருவிழா, ஆகஸ்ட் 15 வந்தால் கிராம சபை. மைக் இல்லாமல் எது நடக்கிறது?

குண்டூர் நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ ஒரு கிராம சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா எழுந்து மைக்கைப் பிடிக்கிறார். கடைசி வரிசையில் கேட்பது வெறும் "கொய்ய்ங்..." சத்தமும், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரலும்தான். அவர் 'பட்டா' கேட்டாரா, 'பத்து' கேட்டாரா? யாருக்கும் தெரியாது. உடனே கூட்டத்தில் ஒரு தீர்ப்பு வரும்: "ஆம்ப்ளிஃபயர் பத்தல, அடுத்த தடவை பெருசா போடுங்கப்பா!"

இதைவிடத் தவறான தீர்ப்பு இல்லை. உள்ளே போகும் சிக்னலே கெட்டிருந்தால், ஆயிரம் வாட்ஸ் போட்டாலும் கெட்டதுதான் ஆயிரம் வாட்ஸில் வெளியே வரும்.

கோளாறு இருப்பது மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 20,000 ஓம்ஸ் ஹை இம்பீடன்ஸ் மைக். மேடையிலிருந்து 30 மீட்டர் வயர். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றால் மொத்தம் 3,000. இந்த இரண்டும் சேர்ந்தால் சுமார் 2,650 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி தேய ஆரம்பித்துவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது!

சரி, 200 ஓம்ஸ் லோ இம்பீடன்ஸ் மைக் வாங்கிவிட்டால்? அதே வயரில் இந்தத் தேய்மானம் காதுக்கு எட்டவே எட்டாது. ஆனால் அந்த மைக் தரும் வோல்டேஜ் குறைவு. அதை நேராகப் பழைய ஹை இம்பீடன்ஸ் ஜாக்கில் செருகினால் சத்தம் போதாது. வால்யூமைத் திருகுவார்கள். சீரியல் செட் விளக்கின் இரைச்சலும் கூடவே ஏறும்.

இரண்டுக்கும் மருந்து கட்டைவிரல் அளவுள்ள ஒரு மைக் டிரான்ஸ்ஃபார்மர். 1:10 சுற்று விகிதம் என்றால் வோல்டேஜ் 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல் கூடும். இம்பீடன்ஸ் அதன் வர்க்கம், 100 மடங்கு. ஆம்ப்ளிஃபயரின் ஒரு லட்சம் ஓம்ஸ் உள்ளீடு மைக்கின் கண்ணுக்கு 1,000 ஓம்ஸாகத் தெரியும். மைக்கின் 200-ஐப் போல் ஐந்து மடங்கு. அது போதும். 'மேட்சிங்' என்றதும் 200-க்கு 200 என்று சமமாக வைப்பவர்கள் பாதி வோல்டேஜைக் கோட்டை விடுகிறார்கள்.

மேடையிலிருந்து பேலன்ஸ்டு வயர் இழுத்து, டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வையுங்கள். வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மைக் பக்கத்தில் வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"இப்ப வர்ற மிக்ஸர்ல இதெல்லாம் தேவையே இல்லையே" என்பீர்கள். உண்மைதான், அதில் பேலன்ஸ்டு மைக் உள்ளீடு இருக்கிறது. ஆனால் பழைய பெட்டியை வைத்துப் பிழைக்கும் மைக் செட்காரர் புது மிக்ஸர் வாங்கும்வரை அந்த அம்மா காத்திருக்க வேண்டுமா?

பெரிய ஆம்ப்ளிஃபயர் விலையில் இது சுண்டைக்காய். சத்தம் போடுவது வேறு நண்பர்களே, பேச்சு கேட்பது வேறு. மலை ஏறி வரும் செட் முதலில் பேச்சைக் கேட்க வைக்கட்டும்!