காரமும் காரத்தன்மையும்: தங்கவயலிலிருந்து ஒரு கலைச்சொல் வழக்கு

"ஊதுலையில் சேரும் காரத்தை வெளியேற்றக் கசடின் காரத்தன்மையைக் குறைக்க வேண்டும்." உலோகவியலில் இது முற்றிலும் சரியான கூற்று. தமிழ்வழியில் பயில்பவருக்கோ இது தன்னைத்தானே மறுப்பதாகத் தோன்றும். குற்றம் அறிவியலில் இல்லை. 'காரம்' என்ற ஒரு சொல்லின் தலையில் நாம் இரு கருத்துகளை ஏற்றிவைத்திருக்கிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இரும்புத் தாதிலும் கற்கரிச் சாம்பலிலும் சிறிதளவு பொட்டாசியமும் சோடியமும் சிலிக்கேட்டுகளாக ஊதுலைக்குள் நுழைகின்றன. மரக்கரியாலேயே இயங்கத் தொடங்கிய பத்ராவதி உலையில் (1923) எரிபொருளின் சாம்பலே பொட்டாசியம் மிகுந்தது. உலையின் அடிப்பகுதி வெப்பத்தில் கார்பன் இவற்றை ஒடுக்குகிறது. பொட்டாசியம் ஏறத்தாழ 760 டிகிரியிலும் சோடியம் 883 டிகிரியிலும் கொதிப்பவை. எனவே ஆவியாகி மேலெழுகின்றன. மேலே குளிர்ந்த பகுதியில் கார்பனேட்டாகவும் சயனைடாகவும் படிந்து, இறங்கும் தாதோடு மீண்டும் கீழே வருகின்றன. இச்சுழற்சியில் அளவு பெருகிக்கொண்டே போகும். கற்கரி நொறுங்கும், சுவர்ச் செங்கல் அரிக்கப்படும், பக்கங்களில் படிவு தொங்கும். வெளியேறும் முதன்மை வழி, உருகிய கசடு ஒன்றே.

கசடு அதைப் பிடித்துவைக்குமா என்பதைச் சிலிக்காவே தீர்மானிக்கிறது. ஒரு பொருள் உருகலுக்குள் வினைபுரிய எவ்வளவு விடுதலையாக இருக்கிறது என்பதன் அளவை 'வினைமுனைப்பு' என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,100 டிகிரியில் சோடியம் இருசிலிக்கேட் உருகலில் சோடியம் ஆக்சைடின் வினைமுனைப்பு, தூய ஆக்சைடோடு ஒப்பிடக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. அத்தனை இறுக்கமான பிணைப்பு அது. சுண்ணாம்பை மிகுத்தால் அது சிலிக்காவைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பிணைப்புத் தளர்ந்த சோடியமும் பொட்டாசியமும் எளிதில் ஆவியாகின்றன. ஆனால் கந்தகத்தை நீக்க அந்தச் சுண்ணாம்பு வேண்டும். உலைக்காரரின் தீராத இழுபறி இது.

மொழியியல் முதுகலை முடித்துவிட்டுக் கோலார் தங்கவயலின் தொழில்மொழியை ஆராயும் எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். தங்கவயலின் தாது, குவார்ட்ஸ் பாறை. தீச்சோதனையில் இத்தகைய தாதைச் சோடா, வெண்காரம், மிருதார்சிங்கி ஆகியவற்றோடு உருக்குவர். சோடா குவார்ட்ஸைப் பற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கேட்டாக மாற்றும். ஈயம் தங்கத்தை ஏந்தி அடியில் இறங்கும். ஊதுலையில் நிகழும் அதே பிணைப்புத்தான் மூசையிலும் நிகழ்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூலில் அமிலத்துக்கு எதிரானது 'காரம்'. சோடியம், பொட்டாசியம் 'கார உலோகங்கள்'. 'எரிகாரம்' என்றொரு சொல் உண்டு. அது நீரில் கரையும் காரத்துக்கு உரியது, கசடில் நீரேது? இலங்கைத் தமிழர் இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டனர். அங்கே அமிலத்தின் எதிர்முனை 'மூலம்'. 'காரம்' சோடியக் குடும்பத்துக்கு. காரத்தை வெளியேற்ற மூலத்தன்மையைக் குறை என்றால் ஒரு முரணும் இல்லை. 'மூலம்' என்றால் நம் வகுப்பறையில் சிரிப்பு எழும் என்பர். எழட்டும், ஒரு பருவத்துக்குமேல் நீடிக்காது.

நம் பழைய வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. வெண்காரத்தில் சோடியம் உண்டு. படிகாரத்தில் பொட்டாசியம் உண்டு. படிகாரக் கரைசலோ அமிலத்தன்மை உடையது! இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், காரம் என்றாலே அமிலத்தின் எதிரி என்ற வரையறை பாடநூல் இட்டதே அன்றித் தட்டார் இட்டதன்று. (கசடு என்ற சொல்லும் எனக்கு உவப்பில்லை. 'கிட்டம்' என்ற சொல்லை ஏன் கைவிட்டோம்?)

இதைச் சொற்பூசல் என்று ஒதுக்கிவிட முடியாது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் பேச்சும் ஓயவில்லை. சயனைடுக் கரைசலின் மூலத்தன்மையைச் சுண்ணாம்பிட்டு உயர்வாக வைத்திருக்க வேண்டும். குறைந்தால் நச்சு வாயு கிளம்பும். நிலத்தடி நீரில் எவ்வளவு சோடியம் சேர்கிறது என்பது வேறு கேள்வி. நாளை ஓர் ஆய்வறிக்கை தமிழில் வந்து, இரண்டையும் 'காரம் அதிகம்' என்றே எழுதினால், மேட்டடியில் குடியிருப்பவர் எதைக் கேட்பது, எதற்கு அஞ்சுவது? அடுத்த முறை கலைச்சொல் தொகுப்பைத் திருத்துவோர் யாழ்ப்பாணத்துப் பாடநூல் ஒன்றையும் மேசைமீது வைத்துக்கொள்ள வேண்டும்.