சாமைக்கு பாஸ்போர்ட் உண்டா?

பி.காம். படித்தவன் என்று வெளியே தெரிந்துவிட்டால் ஆபத்து ஸார். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகுதான் விடுதலை. போன மாசம் நெல்லிவாசல்நாட்டில் ஒரு தம்பி அதற்கும் ஒரு படி மேலே போனான். ‘‘அண்ணா, நீங்க பி.காம்.தானே? நான் உலகம் பூரா சரக்கு அனுப்பலாமான்னு சொல்லுங்க!’’

நெல்லிவாசல்நாடு தெரியாதவர்களுக்கு: திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை மேலே இருக்கிறது. கூடவே புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு. ஆக மொத்தம் மூன்று நாடுகள், ஒரே மலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விசா வேண்டாம், பஸ் வந்தால் போதும். சாமையும், தேனும், புளியும், கடுக்காயும் விளைகிற மண். 2023-ஐ ஐ.நா. சபை ‘சர்வதேச சிறுதானிய ஆண்டு’ என்று கொண்டாடியபோது, ‘‘இதைத்தானே எங்க பாட்டி தினம் ஆக்கிப் போட்டா’’ என்று இந்த மலைக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

தம்பி டிகிரி முடித்தவன். ஒரு வருஷமாக சாமை அரிசியையும் தேனையும் ஆன்லைனில் விற்கிறான். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில் திடீரென்று மூன்று விசாரிப்புகள். ஒன்று சிங்கப்பூர், ஒன்று நியூ ஜெர்ஸி, ஒன்று மெல்போர்ன். கடைப் பக்கத்தில் ‘வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமுக்கலாமா, கூடாதா? விரல் ஒரு வாரமாக அந்தரத்தில் நிற்கிறது.

‘‘பேப்பர் எடு’’ என்றேன். பி.காம். புத்தி!

சாமை ஒரு கிலோ 150 ரூபாய், தேன் அரை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆகச் சரக்கு 550. பாட்டில் உடையாமல் இருக்க 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி. தராசில் ஒன்றேமுக்கால் கிலோ. ஆனால் கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 15,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் மூணு கிலோ! எது அதிகமோ அதற்குத்தான் பில். சாமைக்கு மட்டுமல்ல, பெட்டிக்குள் அடைத்த ஜவ்வாது மலைக் காற்றுக்கும் சேர்த்துப் பணம்.

கூலி 2,000 என்றே வைப்போம். வாங்குகிறவர் தருகிறார், சரி. பார்சல் திரும்பி வந்தால்?

இதில் எனக்கு அனுபவம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற நண்பனுக்கு ஒரு தடவை வடகம் அனுப்பினேன். வீட்டு நம்பரில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு. மூன்று மாசம் கழித்து வடகம் ஊர் திரும்பியது, என்னைவிட அதிகமாக உலகம் சுற்றிவிட்டு. அதற்கும் தனியாகப் பணம் கேட்டார்கள். வடகத்தைப் பொரித்தபோது வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

தம்பி கணக்குக்கு வருவோம். சரக்கு 550, போன கூலி 2,000, வந்த கூலியும் 2,000. வாங்கியவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மொத்தம் 4,550 காலி. உள்ளூர் பார்சலுக்கு 30 ரூபாய் லாபம் என்றால், ஏறக்குறைய 150 பார்சல் உழைப்பு ஒரே பெட்டியில் போச்சு. அதில் தேன் எடுத்துக் கொடுத்தவருக்குத் தரவேண்டிய பணமும் இருக்கிறது. ‘‘பார்சல் திரும்பி வந்துடுச்சு’’ என்று மரமேறி வந்தவரிடம் சொல்ல முடியுமா?

தம்பி முகம் வாடிவிட்டது. சரி, நாடு நாடாகப் பார்ப்போம் என்றேன்.

மெல்போர்ன்: தானியம், விதை, தேன் என்றாலே அங்குள்ள உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு மூக்கு வியர்த்துவிடும். பக்கத்து நியூஸிலாந்தோ நம்ம தேனை உள்ளேயே விடாது.

நியூ ஜெர்ஸி: 800 டாலர் வரை வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29-ல் நிறுத்திவிட்டார்கள். அதை ஒட்டி நம்ம தபால் துறையே ஆகஸ்ட் 25-லிருந்து பெரும்பாலான பார்சல்களை வாங்கவில்லை. அக்டோபர் 15-ல்தான் மறுபடி ஆரம்பித்தது. இந்தியப் பச்சைத் தேனுக்கு 2022-லிருந்தே தனி வரி வேறு. விற்பதற்கான உணவுப் பொருள் என்றால் முன்கூட்டியே தகவலும் தரவேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி, சொல்லாமல் போகக்கூடாது!

சிங்கப்பூர்: நாலு மணி நேர விமானம், தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. சொந்த உபயோகத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, அதைப் பார்த்து அனுப்பலாம். மூன்றில் இதுதான் சுலபம்.

‘‘அப்போ இந்தப் பக்கம் என்ன வேணும்ணா?’’

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. என்று ஒரு நம்பர். ஆன்லைனிலேயே வாங்கலாம், 500 ரூபாய். பென்ஷன்காரர் வருஷா வருஷம் ‘உயிரோடு இருக்கேன்’ என்று சொல்கிற மாதிரி, இதையும் ஒவ்வொரு ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்கணும், இல்லாவிட்டால் முடங்கிவிடும். உணவுப் பொருளுக்கான லைசென்ஸ். வரி உள்ள சரக்கென்றால் விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்ப ஓர் உறுதிமொழிப் பத்திரம் உண்டு. தபால் துறை 2022 டிசம்பரிலிருந்து ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்று ஏற்றுமதி மையங்கள் வைத்திருக்கிறது. பெயரைச் சொல்லவே ஒரு நாள் பயிற்சி வேண்டும். ஆனால் சுங்கப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பிக்கொண்டு போனால், சின்ன வியாபாரிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

‘‘அந்தக் காலத்துல இந்தத் தொல்லை எல்லாம் இல்லல்ல?’’ என்று பெருமூச்சு விட்டான்.

யார் சொன்னது? வியன்னாவில் ஒரு பழைய பாப்பிரஸ் சுவடி இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. முசிறித் துறைமுகத்து வியாபாரம் பற்றியது. ‘ஹெர்மபோலன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் உண்டு. ஜடாமாஞ்சி, யானைத் தந்தம், துணி. ரோமானியர்கள் அந்த மாதிரி இந்தியச் சரக்குக்குப் போட்ட வரி கால் பங்கு! வரி அப்பவே இருந்தது தம்பி. அதையும் தாங்குகிற சரக்கைத்தான் கப்பலில் ஏற்றினார்கள். எடை குறைவு, விலை அதிகம், கெடாது. உன் சாமை நல்ல பிள்ளைதான், ஆனால் எடை கூட.

தீர்ப்பு இதுதான். பொத்தானை அமுக்காதே. உலகத்துக்கே கதவைத் திறக்காமல் சிங்கப்பூர் ஜன்னலை மட்டும் திற. கேட்பவருக்கு முதலில் கூலி, வரி எல்லாம் எழுதி அனுப்பு. அங்கே வரி வந்தால் வாங்குபவர் பொறுப்பு, பார்சல் திரும்பினால் கூலி கிடையாது என்று பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. பத்து பார்சல் ஒழுங்காகப் போகட்டும், அப்புறம் அடுத்த நாடு. மற்றவர்களுக்கு, ‘இப்போதைக்கு இல்லை, மன்னிக்கவும்’ என்று எழுது. இல்லை என்று சொன்ன கடையை மனுஷன் மறந்துவிடுவான். ஏமாற்றிய கடையை மறக்கவே மாட்டான்.

தம்பி உடனே சிங்கப்பூர் அக்காவுக்கு விவரம் எழுதினான். சிக்னல் கிடைக்கப் பாறை மேல் ஏற வேண்டியிருந்தது. கால் மணியில் பதில்:

‘‘கூலியே 2,000-ஆ? வேண்டாம் தம்பி. எங்கம்மா ஆம்பூர்ல இருக்காங்க. அடுத்த மாசம் இங்க வராங்க. அவங்க வீட்டுக்கு அனுப்பிடு.’’

‘‘அண்ணா, இது ஏற்றுமதியா, உள்ளூர் விற்பனையா?’’

‘‘உனக்கு உள்ளூர் விற்பனை. ஏற்றுமதி பண்றது அந்த அம்மா!’’